கன்னப்பொறி நாடியும் கண்ணொளியும்

செவிக்குச் சற்று முன்னே, புருவக் கடைக்கும் செவிக்கும் இடைப்பட்ட கன்னப்பொறியில் விரல்நுனியை மெல்ல வைத்தால் ஒரு துடிப்புத் தட்டுப்படும். தோலுக்கு மிக அண்மையில் ஓடும் ஒரு குருதிக் குழாயின் துடிப்பு அது. உடல்நூலார் அதனைக் கன்னப்பொறி நாடி என்பர். முதியோர் சிலரின் தலையில் அந்நாடி கொடிபோல் வளைந்து நெளிந்து ஓடுவதைத் தொடாமலே காணலாம். உடலிலுள்ள நாடிகளுள் இவ்வளவு எளிதிற் காணவும் தொடவும் கூடியவை மிகச் சிலவே. இத்துணை வெளிப்படையான ஓரிடத்தில் தோன்றும் ஒரு நோயை வைத்திய உலகம் நெடுங்காலம் பெயரிட்டு அறியாதிருந்தது. பெயரிட்ட பின்னும், அந்நோய் கண்ணொளியைப் பறிக்கவல்லது என்பதை உணர மேலும் சில ஆண்டுகள் சென்றன. அந்த இடைக்காலத்தில் ஒளி இழந்தோர் எத்தனை பேர் என்று கணக்கிட்டுக் கூறுவார் இல்லை. கன்னப்பொறி நாடி அழற்சி எனப்படும் அந்நோயை மனிதர் சிறிது சிறிதாக இனங்கண்ட வரலாறு, வைத்தியர்க்கு மட்டுமன்றி ஏனையோர்க்கும் பயன்தரும் வரலாறாகும்.

இந்நோய் 50 வயதைக் கடந்தோரையே பற்றுவது. 70 வயதுக்கு மேற்பட்டோரிடத்து மிகுதி. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வருவது. முன்னர் இல்லாத தலைவலி ஒன்று புதிதாகத் தொடங்கும். தலைமயிரைச் சீப்பினால் வாரினாலும், தலையணையில் தலையைச் சாய்த்தாலும் மண்டைத்தோல் நோகும். உணவை மெல்லத் தொடங்கிச் சிறிது நேரத்தில் தாடை கடுக்கும்; மெல்லுவதை நிறுத்தினால் அக்கடுப்பு ஆறும். களைப்பு, இலேசான காய்ச்சல், பசியின்மை, உடல் மெலிவு ஆகியனவும் உடன் வரலாம். ஒருநாள் ஒரு கண்ணின்முன் திரை விழுந்தாற்போல ஒளி மங்கிச் சில நிமிடங்களில் மீளும். அந்த எச்சரிக்கையை எவரும் பொருட்படுத்தாவிடின், கண்ணில் நோவேதுமின்றியே அக்கண் அடியோடு இருண்டுவிடலாம். சிகிச்சை இல்லையாயின் மற்றக் கண்ணும் சில நாள்களிலோ சில வாரங்களிலோ அவ்வழியே செல்லக்கூடும். இவ்வாறு போன ஒளி பெரும்பாலும் மீள்வதில்லை. ஆகவே இந்நோயை அறிவதில் ஏற்படும் தாமதம் ஒரு மனிதர் எஞ்சிய காலம் முழுவதும் இருளிற் கழிப்பதாக முடியலாம்.

இந்நோயின் சுவடு பழைய நூல்களில் உண்டா என்று ஆராய்ந்தோர் முதலிற் சுட்டுவது பக்தாத் நகரத்தை. அங்கே பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த அலி இப்னு ஈசா என்னும் கண்வைத்தியர், கண்வைத்தியர்க்கான நினைவுநூல் ஒன்றை மூன்று பகுதிகளாக அறபு மொழியில் எழுதினார். கண்ணின் அமைப்பையும், வெளியே தெரியும் நோய்களையும், உள்ளே மறைந்து நிற்கும் நோய்களையும் முறையே கூறும் அந்நூல் பல நூற்றாண்டுகள் கற்கப்பட்டது. கன்னப்பொறி நாடியை வெட்டியும் சுட்டும் செய்யும் சிகிச்சையைப் பற்றிக் கூறுமிடத்தில், தலைவலியையும் கன்னப்பொறித் தசையின் வெப்பத்தையும் அழற்சியையும் அவர் குறிப்பிடுகின்றார். அவை பார்வை இழப்பில் முடியக்கூடும் என்பதும் அவர் கூற்று. அவர் கண்டது இந்நோயே என்று உறுதி கூறுதல் ஆகாது. ஆயினும் கன்னப்பொறியையும் கண்ணையும் ஒரே வாக்கியத்திற் சேர்த்து எண்ணிய முதல்வருள் ஒருவராக அவரை மதித்தல் தகும். அவ்விரண்டையும் மறுபடியும் அவ்வாறு சேர்த்தெண்ண ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் வேண்டியிருந்தன.

அடுத்த சான்று ஏட்டில் அன்று, ஓவியத்தில் உள்ளது. இன்று பெல்ஜியம் எனப்படும் நாட்டிலுள்ள புரூச் நகரில் யான் வான் எயிக் என்னும் பேரோவியர் 1434ஆம் ஆண்டுக்கும் 1436ஆம் ஆண்டுக்கும் இடையில் ஓர் ஓவியத்தைத் தீட்டினார். நடுவே கன்னி மரியாள் குழந்தையோடு வீற்றிருக்க, ஒரு பக்கம் தூய தொனேசியனும் மறுபக்கம் தூய ஜோர்ஜும் நிற்கின்றனர். வெண்ணிற அங்கி அணிந்து, கையில் நூலும் மூக்குக் கண்ணாடியும் ஏந்தி முழந்தாளிட்டிருப்பவர் அவ்வோவியத்தை வரைவித்த வயோதிபக் குரு யோரிஸ் வான் தெர் பாலே. ஓவியர் முகத்தின் ஒரு சுருக்கத்தையும் மறைத்தாரல்லர். குருவின் கன்னப்பொறியில் நாடி புடைத்து முறுகி நிற்பதையும் கண்டவாறே வரைந்துள்ளார். அக்குரு நோய் காரணமாகக் காலை வழிபாட்டுக் கடமையிலிருந்து விலக்களிக்கப் பெற்றார் என்று ஆலயக் குறிப்புகள் கூறும்.

இவற்றையெல்லாம் இணைத்து, அக்குருவுக்கு இருந்தது கன்னப்பொறி நாடி அழற்சியாகலாம் எனப் பெல்ஜிய நாட்டு வாதநோய் வைத்தியர் யான் தெகேக்கர் 1980களின் தொடக்கத்தில் எழுதினார். ஓவியம் ஒன்றைக் கொண்டு நோயைத் துணிதல் இயலாது. முதுமையில் நாடி தடித்து வளைவது இயல்பாகவும் நேரும். குருவும் 1443ஆம் ஆண்டு வரை உயிர் வாழ்ந்தார். எனினும் ஒன்று தெளிவு. வைத்திய நூல்கள் கூறாதிருந்ததை ஓவியரின் கண் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டு பதிந்து வைத்தது. அவர் காரணம் தேடவில்லை, கண்டதைக் குறைக்கவுமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் இந்நோயின் இரு கூறுகளை இரு வைத்தியர்கள் தனித்தனியே விவரித்தனர். ஒருவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வில்லியம் புரூஸ். அந்நாட்டின் வடபால் ஸ்திராத்பெபர் என்னும் ஊரிற் கந்தக நீரூற்றுகள் உண்டு. மூட்டு வாதம் உடையோர் அங்கு நீராட வருவர். அவ்வாறு வந்த முதியவர் ஐவரிடத்தில் ஒரு புதுமையை அவர் கண்டு 1888ஆம் ஆண்டில் எழுதினார். அவர்களுக்குத் தோளும் கழுத்தும் இடுப்பும் விறைத்துப் பெரும் நோவு உண்டாயிற்று. படுக்கையிற் புரளவும் இயலவில்லை. ஆயினும் மூட்டுகள் கெடவில்லை. நெடுநாள் சென்று அவர்கள் குணமடைந்தனர். இக்கூறு கன்னப்பொறியோடு உறவுடையது என்று புரூஸ் எண்ண இடமிருக்கவில்லை. அந்த உறவு வெளிப்பட எழுபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

மற்றவர் இலண்டனைச் சேர்ந்த சத்திரவைத்தியர் ஜொனதன் ஹச்சின்சன். 1828ஆம் ஆண்டிற் பிறந்து 1913ஆம் ஆண்டில் மறைந்த இவர், தாம் கண்ட அரிய நோயாளரைப் பற்றித் தாமே எழுதி ஒரு சஞ்சிகையைப் பல ஆண்டுகள் வெளியிட்டு வந்தார். 1890ஆம் ஆண்டில் அதில் ஒரு முதியவரைப் பற்றி எழுதினார். அவர் எண்பது வயதைக் கடந்தவர். தலையிலே சிவந்த கோடுகள் தோன்றி நோகின்றன என்றும், அவற்றால் தொப்பி அணிய முடியவில்லை என்றும் முறையிட்டு வந்தார். அக்கோடுகள் யாவை என்று பார்த்தபோது, இருபுறத்துக் கன்னப்பொறி நாடிகளும் அழன்று வீங்கியிருந்தமை புலனாயிற்று. முதல் வாரத்தில் அந்நாடிகளில் மெல்லிய துடிப்பு இருந்தது. பின்னர் அதுவும் நின்றது. சிவப்புத் தணிந்தது; நாடிகள் குருதி ஓடாத கயிறுகளாயின. அம்முதியவர் வேறு குறையின்றி மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார் என ஹச்சின்சன் முடித்தார்.

இங்கே ஒரு விந்தை உண்டு. ஹச்சின்சன் கண்நோய்களில் ஆழ்ந்த அனுபவம் உடையவர். பிறவிக் கிரந்தி நோயினாற் கண்ணும் பல்லும் செவியும் ஒருங்கே கெடுதலைக் காட்டி, அம்மூன்றையும் ஒரே நோயின் குறிகளாகக் கோத்தவர் அவரே. கன்னப்பொறியையும் கண்ணையும் இணைக்கத் தக்கவர் எவரேனும் அக்காலத்தில் இருந்தாரெனின் அவர் ஹச்சின்சனே எனலாம். ஆயினும் அவரிடம் வந்த முதியவரின் பார்வை கெடவில்லை. ஆகவே இணைப்பதற்குக் கண் என்னும் மறுமுனை அவர் கைக்கு எட்டவில்லை. ஒரு நோயாளர் ஒரு நோயின் முழுமையையும் காட்டுவதில்லை. தொழுநோய்க்குப் பதங்கெட்ட மீன் உணவே காரணம் என்ற பிழையான இணைப்பை இதே ஹச்சின்சன் இறுதிவரை விடாது பற்றி, அதற்குச் சான்று தேடித் தென்னாபிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் பயணஞ் செய்தார் என்பதும் நினைக்கத்தக்கது. தொழுநோய்க் கிருமியை நோர்வே நாட்டின் ஹன்சன் 1873ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். ஆக, இணைக்காது விடுவதும் பிழை. சான்றின்றி இணைப்பதும் பிழை.

ஹச்சின்சனின் குறிப்பு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எவராலும் கவனிக்கப்படாது கிடந்தது. பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ரொச்செஸ்ரர் நகரிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் இந்நோய் மறுபடியும் வெளிப்பட்டது. பெயாட் ஹோட்டன், தோமஸ் மகத், ஜோர்ஜ் பிரௌன் ஆகிய மூவரும் 1932ஆம் ஆண்டில் இரு நோயாளரைப் பற்றி அறிக்கை வெளியிட்டனர். தலைவலி, மண்டைத்தோல் நோவு, தளர்ச்சி, மெலிவு, குருதிச்சோகை என்பனவற்றோடு கன்னப்பொறி நாடி தடித்து நொந்தது. முன்னோர் செய்யாத ஒன்றை இவர்கள் செய்தனர். நோயுற்ற நாடியில் ஒரு துண்டை அறுத்தெடுத்து நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்த்தனர். அன்று தொடங்கி இந்நோய் வெறும் தோற்றம் என்ற நிலை நீங்கி, இழையத்திற் காணக்கூடிய மாற்றம் என்ற நிலையை அடைந்தது. நெடுங்காலம் இதனை ஹோட்டனின் நோய் என்றே பலர் வழங்கினர்.

நாடியின் சுவர் மூன்று படைகளால் ஆனது. அவற்றுள் உட்படைக்கும் நடுப்படைக்கும் இடையே மீள்தன்மையுடைய மெல்லிய தகடொன்று சுற்றி நிற்கும். இந்நோயில் வெள்ளைக் குழியங்கள் சுவருக்குள் திரண்டு புகும். அத்தகடு இடையிடையே சிதையும். சிதைந்த இடத்தை அண்டிப் பல கருக்களையுடைய பெருங்கலங்கள் தோன்றும். அவற்றை இராட்சதக் கலங்கள் என்பர். உட்படை தடித்துக்கொண்டே சென்று குருதி ஓடும் வழியை நெருக்கும். இறுதியில் வழி அடைபடவுங் கூடும். நீர்க்குழாயின் உட்புறத்திற் பாசி படர்ந்து வழி குறுகுதலோடு இதனை ஒப்பிடலாமாயினும் ஒரு வேறுபாடு உண்டு. பாசி வெளியிலிருந்து வந்து படிவது. இங்கே குழாயின் சுவரே உட்புறமாக வளர்ந்து வழியை மூடுகின்றது.

தொடக்கத்தில் இந்நோய் சில மாதங்களில் தானாகவே தணியும் என்ற எண்ணம் நிலவியது. அந்த எண்ணம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1938ஆம் ஆண்டில் ஜெனிங்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் இலண்டன் சஞ்சிகையான 'லான்செற்'றில் எழுதிய கட்டுரையில், கன்னப்பொறி நாடி அழற்சியோடு பார்வை இழப்பும் சேர்ந்து வருதலை எடுத்துக் காட்டினார். பின்னர் அத்தகைய அறிக்கைகள் பல வந்தன. பக்தாத்தில் ஒரு வாக்கியத்திற் சேர்ந்திருந்த இரண்டும் மறுபடியும் சேர்ந்தன.

இவ்விணைப்பு ஏன் இவ்வளவு பிந்தியது என்பதற்கு உடலமைப்பே ஒரு விடை தருகின்றது. கன்னப்பொறி நாடி, கழுத்திலே எழும் வெளிச் சிரசு நாடியின் கிளை. கண்ணுக்குக் குருதி கொடுப்பதோ உட்சிரசு நாடியிலிருந்து பிரியும் வேறொரு கிளை. அதன் நுண்கிளைகள் கண்ணின் பின்புறம் சென்று பார்வை நரம்பின் தலையைப் போற்றுகின்றன. அந்நுண்கிளைகள் அடைபட்டால் நரம்பின் தலை குருதியின்றி மடியும், பார்வை போகும். எனவே கன்னப்பொறி நாடி கண்ணைக் கெடுப்பதில்லை. ஒரே நோய் இரு கிளைகளிலும் ஒருங்கே நிகழ்கின்றது. அவற்றுள் கண்ணுக்குத் தெரியும் கிளை, தெரியாத கிளைக்குச் சாட்சியாக நிற்கின்றது. சாட்சி வாய்திறந்தும் கேட்பார் இல்லாமையே பழைய காலத்தின் குறை. தாடைத் தசைக்குச் செல்லும் கிளை குறுகுவதால் மெல்லும்போது கடுப்பு உண்டாகின்றது. அதுவும் மற்றொரு சாட்சியே.

1941ஆம் ஆண்டில் ஆங்கில நோயியலாளர் கில்மோர் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து, இதே இராட்சதக் கலங்கள் பெருநாடியிலும் அதன் பெருங்கிளைகளிலும் காணப்படுதலை விவரித்தார். இராட்சதக் கல நாடி அழற்சி என்ற விரிந்த பெயர் அவ்வாராய்ச்சியிலிருந்து வேரூன்றியது. 1946ஆம் ஆண்டில் குக் என்பாரும் அவரைச் சேர்ந்தோரும் இது கன்னப்பொறியோடு நில்லாது உடலின் குருதிக் குழாய்களிற் பரந்த நோய் என்று வற்புறுத்தினர். இடத்தின் பெயரால் அழைக்கப்பட்ட நோய், தன் இயல்பின் பெயரைப் பெற்ற கட்டம் இது. ஒரு பெயர் மாறியதால் வைத்தியரின் பார்வையும் மாறியது. கன்னப்பொறி சுகமாக இருப்பதாகத் தோன்றினும் வேறிடத்தில் நோய் இருக்கலாம் என்ற எண்ணம் அதன்பின் உறுதி பெற்றது.

இதற்கிடையே, அழற்சியை அளந்தறியும் எளிய கருவியொன்றும் வைத்தியரின் கைக்கு வந்திருந்தது. உறையாது காக்கப்பட்ட குருதியை நெடிய கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்தால் செங்குழியங்கள் மெல்ல அடியிற் படியும். உடலில் அழற்சி மிக்கபோது அவை விரைந்து படியும். சுவீடன் நாட்டின் ரொபின் பாரயுஸ் 1918ஆம் ஆண்டு முதல் இதனை ஆராய்ந்தார். அந்நாட்டின் அல்ப் வெஸ்ரர்கிறென் 1921ஆம் ஆண்டில் அளக்கும் முறையை வகுத்தார். நலமுடையோரிடத்து ஒரு மணி நேரத்திற் சில மில்லிமீற்றரே படியும் குழியங்கள், கன்னப்பொறி நாடி அழற்சியில் 50 மில்லிமீற்றருக்கு மேலும், பலரிடத்து 100 மில்லிமீற்றர் அளவிலும் படிவதுண்டு. ஒரு குழாயும் ஒரு மணிக்கூடும் கொண்டு சிற்றூர் வைத்தியசாலையிலும் செய்யத்தக்க சோதனை இது. ஆயினும் வேறு பல நோய்களிலும் படிவு விரையும். இந்நோய் உடையோர் சிலரிடத்துப் படிவு இயல்பாக இருப்பதும் உண்டு. ஆதலின் குழாயின் எண் ஒன்றே தீர்ப்பாகாது.

நோயை அறிந்தும் ஆற்ற மருந்தில்லாதிருந்த நிலை 1950ஆம் ஆண்டளவில் மாறியது. அம்மாற்றமும் மேயோ நிலையத்திலேயே தொடங்கியது. அங்கிருந்த இரசாயன அறிஞர் எட்வட் கெண்டல் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த பொருளொன்றை, அவருடைய தோழர் பிலிப் ஹெஞ்ச் 1948ஆம் ஆண்டு செப்ரெம்பர் 21ஆம் நாள் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதல் ஏற்றினார். அதுவே பின்னர் கோட்டிசோன் எனப் பெயர் பெற்றது. சுவிற்சலாந்தின் இறைக்ஸ்ரைனோடு அவ்விருவரும் 1950ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அவ்வாண்டிலேயே மேயோவின் வைத்தியர்கள் கோட்டிசோனைக் கன்னப்பொறி நாடி அழற்சிக்கும் கொடுத்துப் பார்த்தனர். பன்னாள் வாட்டிய தலைவலியும் காய்ச்சலும் மிக விரைவிலே தணிந்தன. 1957ஆம் ஆண்டில் அங்கிருந்து 55 நோயாளரின் சிகிச்சைப் பயன் வெளியிடப்பட்டது. நோயை முதன்முதல் அறுத்துப் பார்த்த இடத்திலேயே அதன் மருந்தும் பிறந்தமை வரலாற்றின் அரிய நிகழ்ச்சிகளுள் ஒன்று.

ஆனால் மருந்து தன் எல்லையையும் காட்டிற்று. அது கெடாத கண்ணைக் காக்கும். கெட்ட கண்ணை அரிதாகவே மீட்கும். கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்னும் பழமொழிக்கு இதைவிட நேரான பொருள் காண்டல் அரிது. இங்கிருந்து ஒரு கடினமான வினா எழுந்தது. நாடியை அறுத்துச் சோதித்து, நோயை நிச்சயித்த பின்னரே மருந்து கொடுப்பதா? அன்றி, ஐயம் வலுத்தவுடனே கொடுத்துவிடுவதா? நிச்சயத்துக்குக் காத்திருக்கும் நாள்களிற் கண் போய்விடலாம். ஐயத்தின்பேரிற் கொடுக்கும் மருந்தோ எளியதன்று. நெடுநாள் உண்டால் எலும்பு மெலியும், நீரிழிவும் குருதியமுக்கமும் தோன்றும், கண்புரை வளரும், கிருமி நோய்கள் எளிதிற் பற்றும். அனுபவம் இதற்கு ஒரு நடுவழியைக் காட்டியது. மருந்து தொடங்கி இரு வாரங்கள் வரையும், சில வேளை அதற்குப் பின்னரும், நாடியில் நோயின் அடையாளம் எஞ்சி நிற்கும். ஆகவே ஐயம் வலுத்தவுடன் மருந்தைத் தொடங்குவது, சோதனையைப் பின்னே விரைந்து செய்வது என்பதே முறையாயிற்று. இன்று பிரெட்னிசொலோன் என்னும் மருந்தை நாளொன்றுக்கு 40 முதல் 60 மில்லிகிராம் வரை கொடுத்துத் தொடங்கி, பல மாதங்களிற் படிப்படியாகக் குறைப்பர்.

வில்லியம் புரூஸ் கண்ட தோள் நோவின் கதை இக்காலத்தில் வந்து சேர்கின்றது. 1957ஆம் ஆண்டிற் பாபர் என்னும் ஆங்கில வைத்தியர் அந்நோவுக்குப் பொலிமயால்ஜியா ருமற்றிக்கா என்ற பெயரை வழங்கினார். 1960ஆம் ஆண்டிற் போலியும் ஹியூசும், முதியோரிடத்து இந்நாடி அழற்சி எண்ணப்படுவதிலும் பரவலாக இருப்பதைக் காட்டி, தோள் நோவும் அதனோடு இணைந்து வருதலை விவரித்தனர். 1963ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த அலெஸ்திக், பார் ஆகியோர் தோள் நோவு மட்டுமே உடையோரின் கன்னப்பொறி நாடியை அறுத்துப் பார்த்து, அவர்களுட் சிலரிடத்தில் இராட்சதக் கலங்களைக் கண்டனர். நாடி அழற்சி உடையோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்தத் தோள் இடுப்பு நோவும் உண்டு என்பது இன்று அறியப்பட்டது. ஸ்கொத்லாந்தின் நீரூற்றருகே 1888ஆம் ஆண்டில் தொடங்கிய கதையும், இலண்டனில் 1890ஆம் ஆண்டில் தொடங்கிய கதையும் ஒரே கதையாயின.

நாடித் துண்டைச் சோதித்தலும் குறையற்றதன்று. 1976ஆம் ஆண்டில் மேயோ நிலையத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி, ஒரே நாடியில் நோயுற்ற பகுதியும் நோயற்ற பகுதியும் மாறி மாறி வரலாம் எனக் காட்டியது. நலமான பகுதியிலிருந்து துண்டு எடுக்கப்பட்டால் நோய் இல்லை என்ற பொய்யான ஆறுதலே கிடைக்கும். ஆகவே நீண்ட துண்டாக எடுத்துப் பல இடங்களில் நறுக்கிப் பார்த்தல் வழக்கமாயிற்று. 1990ஆம் ஆண்டில் அமெரிக்க வாதநோய் வைத்தியர் கல்லூரி ஐந்து குறிகளை வகுத்தது: 50 வயதோ அதற்கு மேலோ, புதிய தலைவலி, நாடியில் மாற்றம், 50 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ ஆன குருதிப் படிவு, துண்டிற் காணும் அழற்சி. இவற்றுள் மூன்று இருத்தல் வேண்டும் என்றது. 2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய அறிஞரோடு கூடி அதனைத் திருத்தி அமைத்தனர். இவ்விதிகள் ஆராய்ச்சிக்காக நோயாளரை வகைப்படுத்த எழுந்தவை. படுக்கையருகே நிற்கும் வைத்தியரின் சிந்தனைக்கு மாற்றாக எழுந்தவை அல்ல.

1997ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பேர்லின் நகரில் வொல்ப்காங் ஷ்மித் என்பாரும் அவர் கூட்டத்தாரும் அறுக்காமலே நாடியைக் காணும் வழியைக் காட்டினர். செவிக்குக் கேளாத ஒலியலைகளைச் செலுத்தி நாடியைப் படமாக்கியபோது, வீங்கிய சுவர் குருதியோட்டத்தைச் சுற்றி ஒரு கரிய வளையமாகத் தோன்றியது. சிகிச்சையின் பின் அவ்வளையம் மறைந்தது. பின்னர் பிரித்தானியாவிலும் நோர்வேயிலும், ஐயம் எழுந்த ஓரிரு நாளிலேயே நோயாளரை அழைத்து இவ்வாறு பார்க்கும் விரைவு நிலையங்கள் தோன்றின. பார்வை இழப்போர் தொகை அங்கே குறைந்தமை 2015ஆம் ஆண்டளவில் வெளியான அறிக்கைகளாற் புலனாகும். அங்கே நேர்ந்த பெரிய மாற்றம் காத்திருக்கும் நாள்களின் குறைவே.

நோய் வரும் காரணம் முற்றும் தெளிந்துவிடவில்லை. சுவீடன், நோர்வே முதலிய வடநாட்டு மக்களிடத்தும் அவர்தம் வழித்தோன்றல்களிடத்தும் இது மிகுதி. ஆசிய மக்களிடத்து அரிது. மினசோட்டாவில் அவ்வடநாட்டுக் குடியேற்றத்தார் பெருந்தொகையினர் ஆதலால், நோய் அங்கே முதலில் அறியப்பட்டமை முற்றிலும் தற்செயல் அன்று. பரம்பரைக் கூறு ஒன்று உண்டு என்பதும், உடலைக் காக்கவேண்டிய குழியங்களே நாடியின் சுவரைத் தாக்குகின்றன என்பதும் தெரியவந்துள்ளன. அத்தாக்குதலைத் தூண்டும் செய்திப் புரதங்களுள் ஒன்று இன்ரர்லூக்கின்-6. யப்பானின் ஒசாக்கா நகரிற் கிஷிமோத்தோ என்னும் அறிஞரின் குழுவினர் 1986ஆம் ஆண்டில் அதனை இனங்கண்டனர். அப்புரதத்தின் செயலைத் தடுக்கும் தொசிலிசுமாப் என்னும் மருந்தும் அவ்வாராய்ச்சியின் பயனாகப் பிறந்தது. 251 நோயாளரிடத்தில் நடந்த சோதனையின் முடிவு 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அம்மருந்தை வாரந்தோறும் பெற்றோரில் 100க்கு 56 பேர் ஓராண்டு முடிவில் நோய் தணிந்து நின்றனர். அதைப் பெறாது ஸ்டீரொயிட்டை ஆறு மாதத்திற் குறைத்தோரிலோ 100க்கு 14 பேரே. இந்நோய் மிக அரிதாயுள்ள யப்பானிலிருந்து, அது மிக்க நாடுகளுக்கு மருந்து சென்றது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதெனத் துணிதலையும், அதன் காரணம் அறிதலையும், தணிக்கும் வழி காண்டலையும் வரிசைப்படுத்திக் கூறுகின்றார். கன்னப்பொறி நாடி அழற்சியின் வரலாற்றில் இவ்வரிசை சிறிது பிறழ்ந்தது. நோய் 1932ஆம் ஆண்டில் துணியப்பட்டது; தணிக்கும் வழி 1950ஆம் ஆண்டிற் கிடைத்தது; காரணமோ இன்னும் முழுதாக அகப்படவில்லை. இருந்தும் எண்ணற்ற கண்கள் காக்கப்பட்டன. எல்லாம் தெரிந்த பின்னரே செயற்படுவோம் என்று வைத்தியர் காத்திருந்தனரெனின் அக்கண்கள் ஒளியிழந்திருக்கும்.

அரிதாயுள்ள இடத்தில் ஒரு நோய்க்குத் தனியான ஆபத்து ஒன்று உண்டு. அதனை நினைப்பார் இல்லாமையே அவ்வாபத்து. தென்னாசியாவில் இந்நோய் அரிது. ஆயினும் இல்லை எனல் ஆகாது. முதியவரின் தலைவலி முதுமையின் மேலும், தோள் நோவு வாதத்தின் மேலும், மெலிவு பசியின்மையின் மேலும், கண்மங்கல் கண்புரையின் மேலும் சுமத்தப்படுதல் எல்லா வீடுகளிலும் நிகழ்வது. ஒவ்வொன்றும் தனித்தனியே நோக்க நியாயமாகவே தோன்றும். ஆனால் 50 வயதைக் கடந்த ஒருவர், முன்னர் அறியாத தலைவலியையும், மெல்லும்போது தாடை கடுத்தலையும், மண்டைத்தோல் நோதலையும், கணநேரம் கண் இருண்டதையும் கூறுவாராயின், அவரை அன்றே வைத்தியரிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.

தொப்பி அணிய முடியவில்லை என்று ஒரு முதியவர் கூறிய சிறு முறைப்பாட்டை 1890ஆம் ஆண்டில் ஒரு வைத்தியர் அற்பமெனத் தள்ளாது செவிமடுத்தார். இவ்வரலாற்றின் புதிய அதிகாரம் அங்கிருந்தே தொடங்குகின்றது. சீப்பைத் தலையில் வைக்க முடியவில்லை என்று ஒரு மூதாட்டி இன்று கூறுவதும் அத்தகைய சொல்லாக இருத்தல் கூடும். அதனைக் கேட்கும் செவி வீட்டில் ஒன்றும் வைத்தியசாலையில் ஒன்றும் இருந்தால், அம்மூதாட்டி நாளையும் பேரப்பிள்ளையின் முகத்தைக் காண்பார்.